இரைச்சல் நீக்கம்

ஸ்டுடியோவில் எல்லோரும் அவனைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மாடி அறை, மூன்று மேசை, எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும் ஏசி. அதற்குள் உட்கார்ந்து கடை விளம்பரம், பிறந்தநாள் விழா, இணையத்தில் சமைத்துக் காட்டுகிறவர்களின் வீடியோ என்று வருவதையெல்லாம் வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவன் வேலை. எவ்வளவு கண்றாவியாக எடுத்துக்கொண்டு வந்தாலும் இவன் கைக்குப் போனால் பார்க்கும்படியாகிவிடும் என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். அந்தப் பேச்சு காதில் விழாத மாதிரி அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளுக்குள் குளிர்ந்துதான் போகும்.

மென்பொருள்களைப் பற்றி அவனுக்கென்று ஒரு அபிப்பிராயம் இருந்தது. கணினியில் ஏற்றி வைத்திருக்கும் மென்பொருள் வீட்டு அடுப்படி மாதிரி. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, எதை எவ்வளவு போட்டோம் என்று தெரியும். கெட்டுப்போனாலும் எங்கே கெட்டது என்று தெரியும், பின்னால் போய்ச் சரிசெய்யலாம். இணையத்தில் புதிது புதிதாக வரும் கருவிகள் ஓட்டல் மாதிரி. கேட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான், தட்டு வந்துவிடும். உள்ளே போய் எட்டிப் பார்க்க முடியாது. ஆரம்பத்தில் அவற்றைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. ஆனால் அவன் ஒரு மதியம் முழுக்க முதுகு ஒடிய உட்கார்ந்து சுத்தம் செய்கிற ஒலியை, டீ குடித்துவிட்டு வருவதற்குள் அந்தத் தளம் செய்து வைத்திருந்தது. எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுஷன் வீராப்பாக இருப்பான்? ‘மேம்படுத்து’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்த அழுத்த விரலுக்கே பழகிப்போனது.

அவனுக்கு இருந்த சொந்தம் அக்காவும் அத்தானும்தான். படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் வீட்டு முன்னறையில்தான் அவன் கிடந்தான். அத்தான் ஒரு பெரிய கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மச்சினன் எடிட் செய்வதை வேடிக்கை பார்ப்பார். அவர்களுடைய கல்யாண நாள் வீடியோவை அவன் தொகுத்தபோது, “எல்லாத்தையும் வெட்டுற, அப்படியே என் தொப்பையையும் கொஞ்சம் வெட்டிடு மாப்ளே,” என்றார். அக்கா அடுப்படியிலிருந்தே, அதை வெட்டினால் அப்புறம் ஆளே மிஞ்சமாட்டார் என்று பதில் சொன்னாள்.

அந்த அத்தான் ஒருநாள் காலையில் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கிடங்கில் கூரை உயரத்துக்கு நிற்கும் இரும்பு அடுக்கு ஒன்று, ஏற்றி வைத்த சரக்கோடு சரிந்து அவர் வண்டிமேல் விழுந்துவிட்டது. அவரை வெளியே எடுக்கவே மத்தியானம் ஆனது.

அழுது முடிப்பதற்குள் நிர்வாகம் ஒரு விளக்கம் சொன்னது. அவரே வண்டியை அடுக்கின் காலில் இடித்துவிட்டாராம். கவனக்குறைவாம். சாவு வீட்டுக்கு வந்தவர்களே வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே அதைத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அக்காவால் சாவைக்கூடத் தாங்க முடிந்தது, அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. சைக்கிளில் போகும்போது தெருநாய் குறுக்கே வந்தால்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற மனுஷன் அவர். கவனக்குறைவு என்ற சொல்லுக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அவளிடம் ஒரு வீடியோ இருந்தது. விபத்துக்குக் கொஞ்சநாள் முன்பு, ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள் என்று அவள் சண்டை போட்டபோது, என் பாட்டை நீயே பார் என்று அத்தான் அனுப்பியது. கிடங்குக்குள் நின்று அவரே எடுத்தது. ஒரே இருட்டு, ஒரே ஆட்டம். மின்விசிறிகளும் வண்டிகளும் போடும் இரைச்சலில் அவர் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. விரலை நீட்டி அடுக்கின் காலைக் காட்டி, யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். “இந்தக் காலைப் பாருங்க சார், எப்படி வளைஞ்சிருக்குன்னு. போன மாசமே சொன்னேன். இதுமேல இன்னும் ஏத்தச் சொல்றீங்க. இது விழுந்துடும் சார்.”

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை வைக்கப்போவதாகத் தகவல் வந்ததும் அக்கா போனைத் தூக்கிக்கொண்டு தம்பியிடம் வந்தாள். இதைப் போட்டுக் காட்டினால் போதும் என்றாள். ஆனால் போனில் படமும் வீடியோவும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. வீடியோ பாதியில் நின்று நின்று ஓடியது. அத்தான் சொல்வது அவளுக்குக் கேட்கிறது, கேட்டுப் பழகாத அதிகாரிக்குக் கேட்குமா என்று அவளுக்கே சந்தேகம்.

“இதைக் கொஞ்சம் தெளிவாக்கிக் குடுடா. உனக்குத்தான் இது கைவந்த வேலையாச்சே.”

அத்தானுக்காகச் செய்ய அவனிடம் இருந்ததே அந்த ஒரு வித்தைதான். வீடியோவைக் கணினிக்கு மாற்றினான். ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். எடிட்டர் பார்க்கிற பார்வைதான் அது: வெளிச்சம் போதாது, படம் ஆடுகிறது, பின்னால் இரைச்சல் அதிகம். இணையத் தளத்தில் ஏற்றினான். ஆட்டம் நிறுத்து, தெளிவாக்கு, இரைச்சல் நீக்கு என்று எல்லாவற்றையும் கொடுத்தான். வந்ததைப் பார்த்தபோது அவனுக்கே புல்லரித்தது. விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது. அத்தானின் குரல் கணீரென்று வந்தது.

அதை இறக்கிச் சேமித்தபோது, இதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, மாற்றவா என்று கணினி கேட்டது. தினமும் கேட்கிற கேள்வி. படிக்காமலே ஆம் என்று அழுத்தினான். அக்காவின் போனையும் விட்டுவைக்கவில்லை. பாவம், இதோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுகிறாள் என்று குப்பையையெல்லாம் துடைத்து, மங்கலாக இருந்த பழைய வீடியோவையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் புதியதை வைத்துக் கொடுத்தான். பிள்ளைக்குத் தலை சீவி விடுகிற மாதிரி அத்தனை அக்கறையோடு செய்தான்.

அக்கா பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு அவள் அழுத அழுகையில் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை.

விசாரணை நடந்த அறையில் ஒரு நீள மேசையும், சுவரில் ஒரு டிவியும், பஞ்சு பிதுங்கிய நாற்காலிகளும் இருந்தன. விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த ஒரு நடுத்தர வயது அம்மாள். நிர்வாகத்தின் சார்பில் ஒரு வக்கீலும் கிடங்கின் மேற்பார்வையாளரும் வந்திருந்தார்கள். மேற்பார்வையாளர் பார்ப்பதற்கு வில்லன் மாதிரியெல்லாம் இல்லை. ஒடிசலான ஆள், தேய்த்த சட்டை, அக்கா இருந்த பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. அடுக்கு வளைந்திருப்பதாகத் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றும், சொல்லியிருந்தால் சும்மா இருந்திருப்பேனா என்றும் அதிகாரியிடம் சொன்னார்.

அக்கா எழுந்து நின்றாள். “உங்ககிட்டதான் சார் சொன்னாரு. நீங்க பதிலும் சொன்னீங்க. வீடியோவுல இருக்கு.”

அதிகாரி போடச் சொன்னார். டிவியில் கிடங்கு பளிச்சென்று வந்தது. அத்தான் பேசினார். இது விழுந்துடும் சார் என்று முடித்தார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அத்தானின் விரல் அடுக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி அத்தனை சுத்தமான அமைதி. வீடியோ முடிந்துவிட்டது.

“இன்னொரு தடவை போடுங்கம்மா,” என்றாள் அக்கா.

போட்டார்கள். அத்தான் யாருமே இல்லாத கிடங்கில் தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. அக்கா மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் எதுவும் புரியவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் கருவிக்கு ஒரு குரல்தான் குரல். எது அருகே இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வழித்தெடுத்துவிடும். சமையல் வீடியோவில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவதையும், தெருவில் ஹார்ன் அடிப்பதையும் எடுக்கிறதே, அந்தத் துடைப்பம்தான் இது. தள்ளி நின்று ஒருவர் சொன்ன பதிலும் அதே முறத்தில் போய்விட்டது.

வக்கீல் சத்தம் போடுகிறவர் இல்லை. கூட வேலை பார்க்கிறவரிடம் கேட்பதுபோல அவனிடம் கேட்டார்.

“தம்பி என்ன வேலை பார்க்குறீங்க?”

“வீடியோ எடிட்டர் சார்.”

“இது உங்க கை பட்ட வீடியோதானா?”

“சுத்தம் பண்ணேன் சார். வேற ஒண்ணும் பண்ணல.”

“எதைச் சுத்தம் பண்ணீங்க?”

“இரைச்சலை.”

வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டார். வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி, அடுக்கின் காலில் இருந்த தகட்டைப் பெரிதாக்கச் சொன்னார். கிடங்கில் ஒவ்வோர் அடுக்குக்கும் எண்ணும், எவ்வளவு எடை தாங்கும் என்பதும் பொறித்த தகடு உண்டு. தூரத்தில் பார்த்தால் எழுத்து மாதிரிதான் இருந்தது. பெரிதாக்கியபோது அது எந்த மொழி எழுத்தும் இல்லை, எந்த எண்ணும் இல்லை. மங்கலாக இருந்ததைத் தெளிவாக்கச் சொன்னால் அந்தக் கருவி என்ன செய்யும்? இங்கே எழுத்து இருக்கும்போலிருக்கிறது என்று அதுவாகவே கோடு கோடாக வரைந்து வைத்திருந்தது. அடுக்கின் கால்கூட, அவன் முதலில் பார்த்ததைவிட நிமிர்ந்து நிற்கிற மாதிரி இருந்தது. அதுவும் கருவி செய்த உபகாரமா, தன் கண்தான் மயங்குகிறதா என்று அவனால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

எங்கள் கிடங்கில் இப்படி ஒரு தகடே கிடையாது என்றார் வக்கீல். இந்தக் காலத்தில் கணினியில் எதை வேண்டுமானாலும் உண்டாக்கலாம், இவர் அந்தத் தொழிலே செய்கிறவர் என்றும் அதிகாரிக்கு நினைவூட்டினார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “அசல் இருக்குமில்லப்பா? அதைக் கொண்டு வா. நாள் தரேன்,” என்றார். குரலில் கனிவு இருந்தது. அந்தக் கனிவுதான் அவனைக் கொன்றது.

அசலைத் தேடி அவன் பட்ட பாடு நாய் படாது. அழிந்த கோப்புகளை மீட்டுத் தரும் மென்பொருள்கள் எத்தனை உண்டோ அத்தனையையும் கணினியில் ஓடவிட்டான். ஆனால் அசல் இருந்த இடத்தின்மேல் அவனே அதற்குப் பிறகு எத்தனையோ விளம்பரங்களைச் சேமித்து வைத்திருந்தான். அக்காவின் போனில் அத்தான் அனுப்பிய செய்தி இருந்தது, அதற்குள் வீடியோ இருந்த இடத்தில் இந்தக் கோப்பு இனி கிடைக்காது என்று ஒரு வரி இருந்தது. அத்தானின் போன் அவரோடு அடுக்குக்குக் கீழே போய்விட்டது. இணையத் தளத்துக்கு எழுதினான். மனுஷன் யாரும் இல்லை, ஒரு ரோபோ பதில் சொன்னது. உங்கள் தனியுரிமை எங்களுக்கு முக்கியம், நீங்கள் ஏற்றும் கோப்புகளை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை என்றது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டது.

அத்தானோடு வண்டி ஓட்டிய ஒருவரின் வீட்டுக்கும் போனான். அவர் வாசலைத் தாண்டி உள்ளே கூப்பிடவில்லை. அவர் மனைவி பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவர் எதையும் அனுப்பவில்லை, நான் எதையும் கேட்கவும் இல்லை, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றார். அது பொய்யா நிஜமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவர்மேல் கோபப்படவும் அவனுக்கு வக்கில்லை.

கடைசியில் ஒரு மீட்பு மென்பொருள் ஒரே ஒரு படத்தைத் தோண்டிக் கொடுத்தது. கோப்பு எது என்று அடையாளம் காட்டுவதற்காகக் கணினி தானாக எடுத்து வைக்கும், நகத்தளவுப் படம். பழுப்பாக ஒரு மங்கல், குறுக்கே அத்தானின் விரல். அதில் அத்தான் பேசமாட்டார். பதில் சொன்னவரும் பேசமாட்டார்.

வேலையிலும் அவன் கை ஓடவில்லை. எந்த வீடியோவை எடுத்தாலும் பேசுகிறவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு சமையல்காரம்மாவின் வீடியோவில் பின்னால் யாரோ இருமுவது கேட்டது. அதை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை, அப்படியே அனுப்பிவிட்டான். அந்த அம்மா கோபித்துக்கொண்டு திருப்பி அனுப்பினாள். முதலாளி அவனை எதுவும் சொல்லாமல், அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று எட்டி, தானே ‘மேம்படுத்து’ பொத்தானை அழுத்திவிட்டுப் போனார். இருமியவர் போய்விட்டார். அதற்கு அவன்கூடத் தேவைப்படவில்லை.

முடிவு தபாலில் வந்தது. வீடியோவின் உண்மைத்தன்மையை உறுதிசெய்ய முடியாததால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை, கிடைத்த ஆதாரங்களின்படி ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று எழுதியிருந்தது. அன்று சாயங்காலமே அத்தானின் தம்பி போன் செய்தார். அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவர். இழுத்து இழுத்துப் பேசினார், நேராக விஷயத்துக்கு வரமாட்டேன் என்றது அவர் வாய்.

“கோச்சுக்காதே. எனக்கு மட்டும் சொல்லு, வெளியில போகாது. அது அண்ணன் பேசினதுதானா? இல்ல, அண்ணி கேட்டாங்களேன்னு நீயா...”

அவர் முடிக்கவில்லை. அத்தான் பேசினதுதான் என்று இவன் சொன்னான். சரிப்பா, சரிப்பா என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்தார். அவர் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. நம்பவைக்க இவனிடம் என்ன இருக்கிறது? அந்த வீடியோவைத் தானே இப்போது ஓட்டிக் கேட்டாலும், அது அத்தானின் குரலா, அத்தானைப் போலப் பேசும் வேறொன்றா என்று அவனுக்கே சில சமயம் தடுமாறியது. வாக்கியத்துக்கு நடுவே அவர் மூச்சு இழுக்கும் சத்தம் இருக்கும். அதுவும் இப்போது இல்லை.

அக்கா அவனை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் போகும்போதெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள், வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் போனபோது அத்தானின் சட்டைகளை மடித்து ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனும் உட்கார்ந்து இரண்டு சட்டையை மடித்தான். அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“நீ முதல்ல ஒரு தடவை போட்டுப் பார்த்தேல்ல? மாத்துறதுக்கு முன்னாடி?”

“பார்த்தேன்க்கா.”

“அப்ப அந்த ஆளு பேசினது உனக்குக் கேட்டுச்சா?”

அவன் கைகள் நின்றன. இந்தக் கேள்விக்காகத்தான் அவன் இத்தனை நாளாக உறங்காமல் கிடந்தான். கேட்டிருக்க வேண்டும். காதை வைத்துப் பிழைக்கிறவன் அவன். அத்தான் பேசி முடித்த பிறகு தூரத்தில் ஏதோ கரகரத்தது நினைவில் இருந்தது. இரைச்சல் அதிகம் என்று நினைத்ததும் நினைவில் இருந்தது. அதற்குள் சொல் இருந்ததா என்று அவன் கேட்கவே இல்லை.

“இந்த உலகத்துல அதைக் கேட்டது நானும் நீயும்தான்டா,” என்றாள் அக்கா. “எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு. நானா கற்பனை பண்ணிக்கிட்டேனோன்னு. கேட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

“கேட்டுச்சுக்கா.”

அவள் நிமிர்ந்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். “என்ன சொன்னான்?”

“இந்த லோடு மட்டும் ஏத்திடு, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு.”

விசாரணைக்குப் போய்விட்டு வந்த அன்று பஸ்ஸில் அக்காதான் இந்த வார்த்தைகளை அவனிடம் சொல்லியிருந்தாள்.

“நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்றே.”

அவன் கையிலிருந்த சட்டையை மடித்து அவளிடம் நீட்டினான்.

“பரவாயில்ல,” என்றாள். பையில் இருந்த சட்டைகளைக் கையால் அழுத்தி, இன்னும் ஒன்றுக்கு இடம் பண்ணினாள்.